முதலில் நான் கேட்ட கேள்வி

மழை விட்ட ஒரு நவம்பர் இரவு. பத்து மணி இருக்கும். எங்கள் மாலை வகுப்புக்கு வரும் ஒரு பெண்ணின் அம்மா வந்து கதவைத் தட்டினார். இறால் உரிக்கும் வேலை, கை எப்போதும் வெளுத்து ஊறிப்போய் இருக்கும். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. வாசலிலேயே நின்றபடி, "தம்பி, பாப்பாவுக்கு அஞ்சு நாளா ரத்தம் நிக்கல. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுக்கினு கீது. இன்னிக்கித்தான் வாயத் தொறக்குது" என்றார்.

நான் கேட்ட முதல் கேள்வி, "பையன் யாரு?"

இரண்டாவது கேள்வி, "என்ன ஆளுங்க?"

அந்தப் பெண்ணுக்கு வயது 17. காய்ச்சல் இருக்கிறதா, எழுந்து நடக்கிறாளா, எத்தனை துணி மாற்றுகிறாள் என்று எதையும் நான் கேட்கவில்லை. இருபது வருடமாக மேடையில் சாதி ஒழிப்பு பேசுகிறவன் கேட்டது பையனின் சாதியை. (அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் கேட்ட கேள்விகளை மாற்றவில்லை.)

எனக்கு ஒரு சமாதானம் இருக்கிறது. 2013 ஜூலையில் தர்மபுரி ரயில் பாதை ஓரத்தில் இளவரசன். 2015 ஜூனில் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கோகுல்ராஜ். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தில், பட்டப்பகலில், சங்கர். நம் வீட்டுப் பிள்ளை ஒரு பெண்ணோடு பேசுகிறான் என்றாலே எனக்குத் தண்டவாளம்தான் கண்ணில் வரும். அதனால்தான் சாதியைக் கேட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை எங்கள் வீட்டிலேயே, சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணுக்கு எது நடந்தாலும் முதலில் யாரோடு என்று கேட்க வேண்டும், அவளுக்கு வலிக்கிறதா என்பதைக் கடைசியில் கேட்கலாம்.

பையனும் நம் ஆட்கள்தான். இரண்டு தெரு தள்ளி. 19 வயது, கன்டெய்னர் யார்டில் வேலை. சரி, வெட்டுக்குத்து இல்லை என்று என் மனசு ஒரு நொடி ஆறுதல் பட்டது. அதற்குள் அந்த அம்மா, "ஆஸ்பத்திரிக்கிப் போனா போலீசு வருமாமே தம்பி? பையன உள்ள வச்சிடுவாங்களாமே?" என்றார். அந்தப் பெண் ஐந்து நாள் வாயைத் திறக்காததற்குக் காரணம் அதுதான். பக்கத்து வீட்டுப் பெண் யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறாள். தெருவில் சட்டம் இப்படித்தான் பரவுகிறது. பயமுறுத்தும் பாதி வந்து சேர்ந்துவிடும், காப்பாற்றும் பாதி வராது.

அந்தப் பயத்தில் பொய் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்று ஒன்று கிடையாது. விஷயம் தெரிந்த எவரும், மருத்துவர் உட்பட, காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் அவர்களுக்கே தண்டனை. பெண் கர்ப்பமாகிவிட்டால் அது கடுமையான பிரிவுக்குள் போய்விடும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டு. 17 வயதுப் பெண்ணும் 19 வயதுப் பையனும் பழகியதற்கு இருபது ஆண்டு. இந்தச் சட்டமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வேலைக்குப் போன வீட்டில், உறவுக்காரன் வீட்டில், பள்ளிக்கூடத்தில் நம் குழந்தைகளுக்கு நடப்பதை வெளியே கொண்டுவர இந்தச் சட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். ஆனால் அதே கத்தி இந்தப் பக்கமும் வெட்டுகிறது. காதலைப் பிரிக்க நினைக்கும் பெற்றோருக்கு, அதிலும் ஆதிக்கச் சாதிப் பெற்றோருக்கு, இதைவிட வசதியான ஆயுதம் இல்லை. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களின் சம்மத உறவைப் போக்சோவிலிருந்து விலக்குவதைப் பற்றி யோசிக்கச் சொன்னது. 2022 டிசம்பரில் தமிழ்நாடு டிஜிபி, பரஸ்பரக் காதல் வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். சட்டம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

தெருவுக்கு வந்து சேராத அந்தப் பாதி இதுதான். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு பற்றிய ஒரு தீர்ப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்த பெண் சம்மத உறவில் கர்ப்பமாகி மருத்துவரிடம் வந்தால், அவளும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் தகவலில் அவள் பெயரையோ மற்ற அடையாளத்தையோ மருத்துவர் தர வேண்டியதில்லை. தகவல் போகும், பெயர் போகாது. இதை வாசிக்கிற நம் தோழர்கள் இந்த ஒன்றையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் அந்தத் தீர்ப்பை இறக்கி வைத்திருங்கள். எனக்கு அன்று இரவு அதுதான் உதவியது.

ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனை ஒன்றுக்குப் போனோம். எது என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஒரு ஆஸ்பத்திரிதான் மோசம் என்று மற்ற ஆஸ்பத்திரிகள் நிம்மதியாகிவிடும். சீட்டு எழுதுமிடத்தில், "எந்த ஏரியா?" என்று கேட்டார்கள். அந்தப் பெண் எங்கள் தெருவைச் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "அதானே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் வன்கொடுமைச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம். "அதானே"வுக்கு எந்தச் சட்டத்தில் புகார் கொடுப்பது?

பணியில் இருந்த இளம் மருத்துவருக்கு அந்தத் தீர்ப்பு தெரியவில்லை. போனில் காட்டினேன். அவர் மேலே கேட்டார். மேலே இருந்த அம்மையாருக்குத் தெரிந்திருந்தது. நல்லவேளை. கரு முழுவதும் வெளியேறாமல் உள்ளே தங்கியிருந்தது. சுத்தம் செய்து இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த அம்மையார் அவள் அம்மாவிடம் சொன்னார், கோபமாகத்தான் சொன்னார். ஆனால் அவர் ஒருவர்தான் அந்தப் பெண்ணின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

அதற்கப்புறம் ஒரு மாதம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். படிக்கிற பிள்ளை. பத்தாம் வகுப்பில் 400க்கு மேல் எடுத்தவள். அவளுக்கு எந்த இடத்தில் யார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது?

பள்ளிக்கூடமா? பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடம் இருக்கிறது. எங்கள் காலத்தில், "இத வீட்ல படிச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார் ஆசிரியர். இன்றைக்கும் அதேதான், வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன். 2005க்குப் பிறகு மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 2007இல் மகாராஷ்டிரா, குஜராத், கர்நாடகா என்று மாநிலம் மாநிலமாகத் தடை போட்டார்கள். 2009இல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவைக் குழு, பள்ளியில் பாலியல் கல்வியே கூடாது என்று பரிந்துரைத்தது. நம் கலாச்சாரத்துக்கு ஒவ்வாதாம்.

மருந்துக் கடையா? உறவு முடிந்த 72 மணி நேரத்துக்குள் போடும் அவசரக் கருத்தடை மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று மத்திய அரசு அனுமதித்து வருடங்கள் ஆகிவிட்டன. தமிழ்நாட்டுக் கடைகளில் அதைக் கேட்டுப் பாருங்கள். திருவொற்றியூரில் இருந்து ராயபுரம் வரை ஏழு கடையில் நான் கேட்டேன். ஆறு கடையில் இல்லை. ஏழாவது கடையில் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் டாக்டர் சீட்டு கண்டிப்பாக வேண்டிய கருக்கலைப்பு மாத்திரை அந்தப் பையனுக்கு ஒரு கடையில் கிடைத்திருக்கிறது. விலையைக் கூட்டிக் கொடுத்தால் போதும். சுலபமாகக் கிடைக்க வேண்டியது கிடைக்காது, கிடைக்கக் கூடாதது பின்பக்கமாகக் கிடைக்கும்.

அந்தப் பையனையும் பார்த்தேன். கடலோரக் கல்லு மேல் உட்கார்ந்திருந்தான். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் கடல் அரிப்புக்காகக் கொட்டிய பாறைகள்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் பூங்கா, நூலகம், காதல் மாளிகை எல்லாம். பத்துக்குப் பத்து வீட்டில் ஐந்து பேர் படுக்கிறார்கள். பேச வேண்டியதைப் பேச வேறு இடம் ஏது? அறைய வேண்டும் என்றுதான் போனேன். அவன் அழுதுகொண்டிருந்தான். "ஏன்டா, ஒரு ஆணுறை வாங்கத் தெரியாதா?" என்றேன். அவன் சொன்ன பதில் என்னை உட்கார வைத்துவிட்டது.

"அத வாங்கி வச்சினு போனா, பிளான் பண்ணி வந்த மாதிரி ஆயிடும்ணா. அவ இன்னா நெனைப்பா?"

யோசித்துப் பாருங்கள். முன்யோசனை இருந்தால் அது பாவம், தப்பான எண்ணம். தற்செயலாக நடந்தால் அது காதல். நாம் சொல்லிக்கொடுத்த ஒழுக்கம் அவனுக்கு இப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவன் ஒழுக்கம் இல்லாததால் ஆபத்தில் இறங்கினான் என்று ஊர் சொல்லும். நல்ல பையனாகத் தெரிய வேண்டும் என்றுதான் அவன் வெறுங்கையோடு போயிருக்கிறான். இன்னொன்றும் சொன்னான். கடைக்காரருக்கு அவன் அப்பாவைத் தெரியும்.

மீதிப் பாடத்தை போன் எடுக்கிறது. எட்டாவது படிக்கிற பையன் கையில் போன், அதில் எல்லாப் படமும் வருகிறது. அதில் யாரும் ஆணுறை போடுவதில்லை, யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை, சொன்னாலும் அது விளையாட்டு. இதோடு போதை மாத்திரை. வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள், ஒரே ஊசியை மூன்று பேர். "ஊசி போடாதவன் பொட்டை" என்று ஒருவன் சொன்னால் மற்ற இருவரும் கையை நீட்ட வேண்டியிருக்கிறது. ஆம்பளை என்றால் பயப்படக் கூடாது என்று யார் சொல்லிக்கொடுத்தது? வடசென்னை என்றாலே கத்தியோடு ஓடுகிறவன் என்று முப்பது வருடமாகப் படம் எடுக்கிறார்கள். நம் பிள்ளைகளும் அதை விசிலடித்துப் பார்க்கிறார்கள். ஊர் நம்மை எப்படிப் பார்க்கிறதோ அதையே கொஞ்சம் கொஞ்சமாக நாமும் நடித்துப் பழகிவிடுகிறோம்.

ஊர் எப்படிப் பார்த்தது என்பதற்கு எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று உண்டு. அப்பா துறைமுகத்தில் லோடுமேன். சின்ன வயதில் நிரோத் பாக்கெட்டைப் பிரித்து பலூன் ஊதி விளையாடியிருக்கிறோம். பெரியவர்கள் பிடுங்கி எறிவார்கள், என்ன ஏது என்று சொல்ல மாட்டார்கள். 90களில் லாரி நிற்கும் இடங்களுக்குத் தொண்டு நிறுவனத்து அண்ணன்கள் அட்டைப் படங்களோடு வந்தார்கள். லாரி டிரைவர், லோடுமேன், மீன்பிடிக்கிறவர், பாலியல் தொழில் செய்யும் பெண் என்று எங்கள் பக்கத்து ஆட்களின் படமாகவே அதில் இருக்கும். அப்புறம் புள்ளிராஜா வந்தார். "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று பஸ் முதுகில், சுவரில் எல்லா இடத்திலும் கேட்டார்கள். தெருவில் யாரைக் கிண்டல் செய்ய வேண்டும் என்றாலும் "டேய் புள்ளிராஜா" தான்.

அந்த வேலை வீண் என்று சொல்ல மாட்டேன். ஒரு கட்டத்தில் தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் 1 சதவீதத்துக்கு மேல் எச்.ஐ.வி. இருந்தது, பிறகு அது வெகுவாகக் குறைந்தது. அதில் அந்த அட்டைப் படத்து அண்ணன்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் 'ரிஸ்க்' என்கிற சொல் எங்கள் மேல் ஒட்டிக்கொண்டது அப்போதுதான். இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதலில் கண்டுபிடித்தது இந்தச் சென்னையில்தான், 1986இல். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த பெரிய காரியம் அது. அந்த ரத்தம் யாருடையது? பாலியல் தொழில் வழக்கில் பிடித்து மயிலாப்பூர் காப்பகத்தில் அடைத்து வைத்திருந்த பெண்களுடையது. மருத்துவர்களின் பெயர் வரலாற்றில் இருக்கிறது, இருக்க வேண்டும். அந்தப் பெண்களை ஊர் 'நோய் பரப்பியவர்கள்' என்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டது.

எங்கள் பக்கம் அனல்மின் நிலையம், உரத் தொழிற்சாலை, எண்ணெய் சுத்திகரிப்பு எல்லாம் உண்டு. 2023 டிசம்பரில் மட்டும் புயல் வெள்ளத்தோடு ஆற்றில் எண்ணெய் வந்தது, அது காய்வதற்குள் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து சனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இத்தனை ஆபத்தையும் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டு, அட்டைப் படத்தில் மட்டும் ஆபத்தானவர்கள் நாங்கள்.

இதெல்லாம் அடுத்தவர் மேல் சொல்லும் குறை. இதோடு நிறுத்தினால் எனக்குச் சௌகரியம். ஆனால் 2005 பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

அந்த ஆண்டு செப்டம்பரில் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகை கருத்துக்கணிப்பில் பேசினார். படித்த ஆண் எவனும் மனைவி கன்னியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க மாட்டான், திருமணத்துக்கு முன் உறவு கொள்ளும் பெண்கள் கர்ப்பத்திலிருந்தும் நோயிலிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் சாரம். தமிழ்ப் பெண்களின் கற்பை இழிவுபடுத்திவிட்டார் என்று பா.ம.க.வும் விடுதலைச் சிறுத்தைகளும் ஒன்றாகத் தெருவில் இறங்கின. துடைப்பம், செருப்பு, உருவபொம்மை. அவர் மீது 23 வழக்குகள். 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் அத்தனையையும் தள்ளுபடி செய்தது.

நானும் ஒரு போராட்டத்தில் நின்றேன். 25 வயது. எந்த அமைப்பு என்பது இப்போது முக்கியமில்லை. பக்கத்தில் ஒரு தோழி, நம் சேரிப் பெண்தான், என்னைப் பார்த்து, "கற்பு கற்புன்னு கத்துறியே, அது நம்ம பாட்டிங்களுக்கு இருக்குதுன்னு எந்தப் பண்ணையாராவது ஒத்துக்கினானா?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை. இன்னும் சத்தமாகக் கோஷம் போட்டேன். நம்மிடம் இல்லை என்று அவர்கள் சொன்ன ஒன்றை நம்மிடம் இருக்கிறது என்று காட்டத்தான் அன்று அத்தனை பேர் தொண்டை கிழியக் கத்தினோம் என்று இப்போது நினைக்கிறேன். ஏழே வருடத்தில், 2012இல், நம் பையன்கள் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டு அவர்கள் வீட்டுப் பெண்களை மயக்குகிறார்கள், அது 'நாடகக் காதல்' என்று ராமதாஸ் பிரச்சாரம் செய்தார். கற்பைக் காப்பாற்ற ஒன்றாகத் தெருவில் இறங்கியதற்குக் கிடைத்த பலன்.

அம்பேத்கரைப் பாட்டாகவும் படமாகவும் வைத்திருக்கிற நமக்கு இன்னொரு அம்பேத்கரைத் தெரியாது. மும்பையில் ஆர்.டி. கார்வே என்பவர் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்று மராத்தியில் ஒரு பத்திரிகை நடத்தினார். சுயஇன்பம், ஓரினச் சேர்க்கை பற்றியெல்லாம் வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு அதில் நேராகப் பதில் எழுதினார். ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். 1934இல் மும்பை உயர் நீதிமன்றத்தில் கார்வேவுக்காக வாதாட வந்து நின்றவர் பாபாசாகேப். பாலியல் பற்றி எழுதுவதே ஆபாசமாகிவிடாது, மக்கள் கேட்கும் சந்தேகத்துக்குப் பதில் சொல்வது குற்றமில்லை என்று வாதாடினார். தோற்றார். கார்வேவுக்கு 200 ரூபாய் அபராதம். 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடை வசதி செய்து தர வேண்டும் என்று அவர் தயாரித்த தீர்மானத்தை அவர் கட்சிக்காரர் ரோகம் கொண்டுவந்தார். அதுவும் தோற்றது. இங்கே அதே காலத்தில் பெரியார், கருத்தடையைப் பெண்ணின் விடுதலைக்காகவே வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தார். தொண்ணூறு வருடம் கழித்து, அந்த இரண்டு பேரின் படத்துக்கும் கீழே வகுப்பு நடத்துகிற நான், "பையன் யாரு" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 6.3 சதவீதம் பேர் தாயாகிவிட்டவர்கள் அல்லது கர்ப்பமாக இருந்தவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் 5 சதவீதம். கூடியிருக்கிறது. எங்கள் பெண் போல மாத்திரை போட்டு வாயை மூடிக்கொண்டவர்கள் அந்தக் கணக்கில் எங்கே இருப்பார்கள்?

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் வருகிறார். வாசலில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று. பிள்ளைகள் பெயர் போடாமல் சீட்டு எழுதிப் போடலாம். முதல் வாரம் நாலு பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். "பாபாசாகேப் பேர வச்சிக்கினு இன்னா அசிங்கம் பண்றீங்க?" என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். என் அப்பாவோடு ஹார்பரில் வேலை பார்த்தவர். அவரிடம் கார்வே வழக்கைச் சொன்னேன். நம்பவில்லை. புத்தகம் கேட்டிருக்கிறார், தேடிக்கொண்டிருக்கிறேன். நிறுத்தப்பட்ட நாலு பேரில் இரண்டு பேர் திரும்பி வந்துவிட்டார்கள்.

சீட்டுகளில் பெரும்பாலும் சாதாரணக் கேள்விகள்தான். அந்த மூன்று நாளில் தலைக்குக் குளிக்கலாமா, கை பழக்கத்தால் கண் போய்விடுமா, முத்தம் கொடுத்தால் எச்.ஐ.வி. வருமா. சில சீட்டுகளைப் படித்துவிட்டு நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். "சித்தப்பா" என்று ஆரம்பிக்கும் சீட்டு ஒன்று வந்தது. அதை யார் எழுதியது என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. அது வேறு வழக்கு, அதற்குப் போக்சோ தேவைப்பட்டது.

போன வாரம் அந்தப் பெண் வந்திருந்தாள். ப்ளஸ் டூ பரீட்சை எழுதப்போகிறாள், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டப்பாவில் இருந்து ஒரு சீட்டை எடுத்து, வழக்கம்போலச் சத்தமாகப் படிக்கப்போனேன். அக்கா என் கையிலிருந்து அதைப் பிடுங்கிப் படித்துவிட்டு, "இதுக்கு நான் பதில் சொல்றேன். நீயும் பசங்களும் கொஞ்ச நேரம் வெளிய போய் உக்காருங்க" என்றார்.

பையன்களோடு படிக்கட்டில் உட்கார்ந்தேன். உள்ளே பெண்கள் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. "இன்னாண்ணா எழுதியிருந்துச்சு?" என்று பையன்கள் கேட்டார்கள். தெரியாது என்றேன்.